நெப்டியூனில் நின்ற சம்சாரம்

நெப்டியூன் அழுதுகொண்டிருந்தான்.

"நான் போவ மாட்டேன் சார். அங்கன ஒத்தையில நிக்க மாட்டேன்."

அய்யாக்குட்டி ஐந்தாம் வகுப்பு. அவன் உள்ளங்கையில் ஒரு சுண்டைக்காய் இருந்தது. அதுதான் நெப்டியூன். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலிலிருந்து கடற்கரைச் சாலையோடு ஆயிரத்து முந்நூறு தப்படி நடந்து, தோணித்துறைக்குக் கொஞ்சம் இப்பால் போய் நிற்க வேண்டும். வேலை அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் வரை கிரகமாவதில் அவனுக்கு ஒரே பெருமை. இன்று காலை வெள்ளத்துரை என்ற பையன், தோணித்துறையில் பிள்ளைகளைச் சாக்கில் கட்டிக் கொழும்புக்கு ஏற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்ததில் காரியம் கெட்டது.

சம்பத்குமார் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தேகால். பத்தரைக்கு முப்பது பிள்ளைகளைச் சூரியனிலிருந்து நெப்டியூன் வரை நடத்திக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. சூரியன் தயாராக இருந்தது. ஓர் அடி அகலமுள்ள மஞ்சள் பூசணிக்காய் பள்ளிக்கூட வாசல் தூணின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. மற்ற ஏழு கிரகங்களும் அதனதன் தூரத்தில் போய் நின்றாகிவிட்டது. எட்டாவதுதான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. சம்பத்குமார் ஆழ்வார்திருநகரிப் பையன், சென்னையில் எம்.ஏ. படித்தான், வானசாஸ்திரம் விசேஷ பாடம். தம்மிடம் படிக்கிறவர்கள் வருஷத்துக்கு இருபது நாள் சொந்த ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிச் சொல்லிவர வேண்டும் என்பது அவனுடைய பேராசிரியர் செய்திருந்த புது ஏற்பாடு. கல்லூரி முதல்வருக்கு இது அறவே பிடிக்கவில்லை. ஏதாவது ஓர் ஊரிலிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அந்தப் புகாருக்குத் தான் காரணமாகிவிடக் கூடாது என்பதுதான் இந்த இருபது நாளும் சம்பத்குமாரின் பிரார்த்தனை.

போன வாரம் ஏரலில் மயிரிழையில் தப்பினான். அங்கே சூரியனை வைத்ததுமே கடைத்தெரு முழுக்கத் திரண்டு வந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் நின்று பார்க்க, பிள்ளைகள் பெரியவர்களின் முதுகைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதனால் இங்கே தூத்துக்குடியில் அவனே ஒரு சட்டம் போட்டான். வாசலில் 'பெரியவர்களுக்கு அனுமதி இல்லை' என்று ஓர் அட்டை. கிரகமாக நிற்கிற பிள்ளைகளுக்கு ஓர் உத்தரவு: "ரோட்டுல பெரியவங்க யார் வந்து என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் சொன்னாத்தான் பேசணும்."

"வேற யாராவது நெப்டியூனுக்குப் போறீங்களா?" என்று அவன் கேட்டான். முப்பது தலைகளும் கொழும்பை நினைத்துக் குனிந்துகொண்டன.

அப்போது ரோட்டில் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்றாள். "நான் அந்தப் பக்கம்தான் போறேன் தம்பி. கொஞ்ச நேரம் நின்னாப் போதும்னா நான் நிக்கேன். அந்தப் பிள்ளைய அழ விடாதிய."

சம்பத்குமாருக்குக் கடவுளே கூடையோடு வந்தது போலிருந்தது. சுண்டைக்காயை அவளிடம் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நிமிஷத்தில் பாடம் சொல்லி அனுப்பிவைத்தான். பெயர்கூடக் கேட்கவில்லை.

அவள் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். சலவை வேட்டியும் தோளில் துண்டும் கக்கத்தில் குடையுமாக ஒரு கனத்த மனிதர் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நீங்கதானா கிரகம் காட்டுத ஆளு?"

"ஆமாம் அண்ணாச்சி. ஆனா இது பிள்ளைகளுக்கு மட்டும்தான். போர்டு போட்டிருக்கோம்."

"போர்டைப் பாத்தேன். என் பேரு காசிலிங்கம். மார்க்கெட்டுப் பக்கம் பலசரக்குக் கடை. நான் கிரகம் பாக்க வரல." குரலைத் தாழ்த்தினார். "என் சம்சாரத்தைத் தேடி வந்திருக்கேன். காலையில கூடையோட போனவ, இன்னும் வீடு வந்து சேரல. நீங்க ஒரு பொம்பளைய எங்கயோ அனுப்பி வச்சியன்னு ரோட்டுல பேசுதாங்க."

சம்பத்குமார் கடற்கரைச் சாலைப் பக்கம் கையைக் காட்டினான்.

"அவங்க நெப்டியூன்ல இருக்காங்க அண்ணாச்சி."

"அது எங்கன இருக்கு? உடன்குடிக்கு அந்தப் பக்கமா?"

"இல்லை, தோணித்துறைக்கு இந்தப் பக்கம். ஒரு பையனை அனுப்பி இப்பவே கூட்டிவரச் சொல்றேன்."

"பையனை அனுப்புனா ஊருக்கே தெரிஞ்சிரும். காலேஜ்ப் பையன் கூப்பிட்டான், காசிலிங்கம் பொண்டாட்டி கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டாளாம்னு சிரிப்பாங்க. யாருகிட்டயும் மூச்சு விடப்படாது. நீங்களும் நானுமா போய்ப் பாத்துருவோம்."

"சரி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். குதிரைவண்டி பிடிக்கிறேன். அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்."

"வண்டி வேண்டாம். அவ வழியில எங்கனயாவது நின்னுருந்தா? வரிசையா மொதல்லேருந்து பாத்துட்டுப் போவோம். மொதல்ல எது?"

"சூரியன்."

"அப்ப அங்கேருந்தே ஆரம்பிப்போம்."

சம்பத்குமாரோடு கூட வந்திருந்த இன்னொரு மாணவன் நாசரேத் ஜெபசீலன். முப்பது பிள்ளைகளையும் சம்பத்குமார் அவன் தலையில் கட்டிவிட்டு, "நீ மெதுவா நடத்திக் கூட்டிவா. நான் முன்னால போய் அந்த அம்மாவை அனுப்பிட்டு, நானே நெப்டியூனா நின்னுக்கறேன்" என்றான். தூணின் மேலிருந்த பூசணிக்காயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காசிலிங்கத்தைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு கிளம்பும்போது, தலைமை ஆசிரியை கமலவல்லி எதிரே வந்து நின்றாள். அவள் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஊரில் யாரையும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பாதவள்.

"வெளியாள் ஒருத்தர்கூட வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? யார் இவர்?"

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே கல்லூரிக்குக் கடிதம் போகும். சம்பத்குமார் அவசரமாக முந்திக்கொண்டான். "இவர் பார்வையிட வந்திருக்கார் டீச்சர்."

பார்வையிட என்ற சொல்லைக் கேட்டதும் கமலவல்லியின் முகத்திலிருந்த கடுமை போன இடம் தெரியவில்லை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிறவர்கள் ஒரே ஜாதிதான். அவர்கள் இன்ஸ்பெக்டர்கள்.

"முன்னால தகவலே இல்லையே சார்" என்றாள் காசிலிங்கத்திடம்.

"தகவல் சொல்லிட்டு வந்தா உள்ளபடி தெரியாது பாத்தியளா" என்றார் காசிலிங்கம், கொஞ்சமும் அசையாமல்.

"பன்னிரண்டு மணிக்கு மொத்தப் பள்ளிக்கூடத்தையும் மைதானத்துல உட்கார வைக்கிறேன் சார். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"பேசிட்டாப் போச்சு."

ரோட்டுக்கு வந்ததும் சம்பத்குமார் கெஞ்சினான். "அண்ணாச்சி, நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பொறவு என்ன சொல்ல? பொண்டாட்டியக் காணோம்னு அந்தம்மாகிட்டச் சொல்லவா?"

சம்பத்குமார் நடையை எட்டிப் போட்டான்.

பதினேழாவது தப்படியில் சீனித்தாய் ஒரு சிலேட்டின் மேல் கசகசா ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள். காசிலிங்கம் கேட்டதற்கு உதட்டை இறுக மூடிக்கொண்டாள். சம்பத்குமார் தலையை அசைத்த பிறகுதான் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"நான் புதன். சூரியனுக்கு ரொம்பப் பக்கம். எண்பத்தெட்டு நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். எனக்கு அதுதான் ஒரு வருஷம்."

"எம்பத்தெட்டு நாளா?" காசிலிங்கம் குடையை ஊன்றி நின்றுவிட்டார். "எனக்கு நாப்பத்திமூணு. அந்தக் கணக்குல என்ன வயசு வரும்?"

"அண்ணாச்சி, உங்க சம்சாரம்..."

"அவ இங்கன இல்ல, அதான் தெரியுதே. கேட்டதுக்குப் பதில் சொல்லணும்லா?"

சம்பத்குமார் மனக்கணக்குப் போட்டான். "நூத்தி எழுபத்தெட்டு."

"நூத்தி எழுபத்தெட்டு" என்று காசிலிங்கம் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அதான் முட்டி வலிக்கி."

அடுத்தது வெள்ளி. அங்கே நின்ற பையன் காசிலிங்கத்தைக் கண்டதும் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "சார், இவரு அப்பமே வந்தாரு. நான் வாயத் தெறக்கல."

பாவம், காலையிலிருந்தே வீதி வீதியாகத் தேடியிருக்கிறார் என்று சம்பத்குமாருக்கு மனம் கனத்தது. தன் சட்டமல்லவா இந்த மனிதரை இப்படி அலைய விட்டிருக்கிறது. அந்த இரக்கத்தில் வெள்ளியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னான்.

நாற்பத்துமூன்றாவது தப்படியில் பூமி. செல்லக்கனியின் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். பஸ்பத்துக்கு அரைக்கிற பொடிப்பொடி முத்துகளில் ஒன்றை அவள் பூமிக்கென்று கொண்டுவந்திருந்தாள். கறுப்புச் சிலேட்டின் நடுவில் அது வெள்ளையாக ஒற்றைப் புள்ளி போல இருந்தது.

காசிலிங்கம் குனிந்தார். "இதுலயா நாம அம்புட்டுப் பேரும் இருக்கோம்?"

"ஆமாம்."

"தூத்துக்குடி எங்கன?"

"அது கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி."

"கடலு?"

"அதுவும் தெரியாது."

காசிலிங்கம் இன்னும் கிட்டே குனிந்து ஒரு பெருமூச்சு விட்டார். கனத்த உடம்பு, கனத்த மூச்சு. பூமி சிலேட்டை விட்டு உருண்டு ரோட்டோர மணலில் விழுந்து மறைந்தது.

செல்லக்கனியின் கீழுதடு நடுங்கியது. காசிலிங்கத்துக்கு அவளைவிட அதிகமாக நடுங்கியது. அவசரமாக இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். கடைக்கு வந்த தானியத்தின் மாதிரி. அதில் விரலை விட்டுத் துழாவி, ஒரே ஒரு கம்பு மணியைத் தேர்ந்து சிலேட்டில் வைத்தார்.

"இது காணும் தாயி. பழசை விட ஒரு பொடி பெருசு. யாரும் கண்டுபிடிக்க மாட்டாவ."

ஆனால் பின்னால் வந்துகொண்டிருந்த முப்பது பிள்ளைகளுக்கும் விஷயம் எட்டிவிட்டது. பூமியைக் காணோம் என்று கத்திக்கொண்டு ஓடிவந்து மணலைச் சலிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஜெபசீலன் நடுவில் நின்றுகொண்டு, புதுப் பூமி இருக்கிறது, எழுந்திருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். யாரும் எழுந்திருக்கவில்லை. புதனும் வெள்ளியும்கூடத் தங்கள் இடத்தை விட்டுவிட்டு மணலில் இறங்கின. செவ்வாய் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"வாங்க தம்பி, அடுத்ததுக்குப் போவோம்" என்றார் காசிலிங்கம். "நேரமாகுது."

வியாழன் இருநூற்றிருபத்தைந்து தப்படி. அங்கே வெள்ளத்துரை வெறும் சிலேட்டோடு நின்றான். நெல்லிக்காயைக் காணோம்.

"வியாழன் எங்கேடா?"

"பசிச்சுது சார்."

காசிலிங்கம் பையனை ஏற இறங்கப் பார்த்தார். "கிரகத்துலயே பெருசு இதுதானா? ஒரு வாய்க்குக் காணல போலிருக்கே. சரி, தின்னது தின்னாச்சு. பாடத்தைச் சொல்லுலே."

வெள்ளத்துரை, "நான் வியாழன். எனக்குள் ஆயிரத்து முந்நூறு பூமிகள் அடங்கும்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டே ஒப்பித்தான்.

அங்கே ஒரு மாணவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் தலைமை ஆசிரியை இளநீர் கொடுத்தனுப்பியிருந்தாள். மைதானத்தில் பந்தல் போட ஆள் சொல்லியாகிவிட்டது என்று தகவல் வேறு. காசிலிங்கம் இளநீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை வெள்ளத்துரையிடம் நீட்டினார்.

சனியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. பனையோலையில் வளையம் வெட்டி மாட்டிய சின்ன எலுமிச்சம்பழம். காசிலிங்கம் அதைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்தார். வளையம் ஏன் விழவில்லை, எதனால் ஆனது, மற்றவற்றுக்கு ஏன் இல்லை என்று வரிசையாகக் கேட்டார். துக்கத்தில் இருக்கிறவர் மனத்தை எதிலாவது திருப்பப் பார்க்கிறார் என்று நினைத்து, சம்பத்குமார் பொறுமையாகப் பதில் சொன்னான். அந்த நேரம் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி, "என்ன அண்ணாச்சி, கடையை விட்டுட்டு இந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"சும்மா, காத்தாட வந்தேன்" என்றார் காசிலிங்கம். சைக்கிள் மறைகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மானத்துக்கு அஞ்சுகிற மனிதர். சம்பத்குமாருக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது.

அதற்கப்புறம் நெடுந்தூரம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சங்கைக் குவித்துப் பூட்டிவைத்த கிட்டங்கிகளின் சுவர்.

"இம்புட்டுத் தூரம் வெறுமனே கெடக்கே" என்றார் காசிலிங்கம்.

"வானமும் அப்படித்தான் அண்ணாச்சி. முக்காலே மூணுவீசம் வெறும் இடம்தான். படத்துல பக்கத்துப் பக்கத்துல போட்டிருப்பாங்க. நடந்து பார்த்தாத்தான் தெரியும்."

"நடந்தாத்தான் தெரியுது" என்று அவர் தலையசைத்துக்கொண்டார்.

யுரேனஸாக நின்ற பெண் கொண்டைக்கடலையைக் காட்டித் தன் பாடத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "சார், ஒன்பதாவது கிரகம் ஒண்ணு உண்டுன்னு எங்க அண்ணன் சொன்னானே, அது எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

"புளூட்டோ. அது கடலுக்குள்ள போயிடும்மா. அதான் விட்டுட்டோம்."

காசிலிங்கம் கடலைப் பார்த்தார்.

ஆயிரத்து முந்நூறாவது தப்படியில் அந்த அம்மாள் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, சுண்டைக்காயை உள்ளங்கையில் ஏந்தியபடி, சொன்ன இடத்தில் சொன்னபடியே நின்றுகொண்டிருந்தாள். இனிமேல்தான் இருக்கிறது. காசிலிங்கம் கத்தப் போகிறாரா, அவளை அடிக்கப் போகிறாரா, தன்னை அடிக்கப் போகிறாரா என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "நீங்களும் வந்துட்டியளா?"

கட்டின புருஷனை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. சம்பத்குமார் திரும்பிப் பார்த்தான்.

"இது இல்ல தம்பி" என்றார் காசிலிங்கம் அவன் காதருகில். "இது நம்ம முத்துக்கனி. மீன் வாடிப் பக்கத்து வீடு." பிறகு அவளிடம், "ஏளா, இங்கேருந்து சூரியன் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது அண்ணாச்சி. இப்படி நேரா ரோட்டோட பாருங்க. அந்த மதில் தூணு மேல. மஞ்சப் பொட்டாட்டம்."

காசிலிங்கம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். வந்த வழி முழுக்க வெயிலில் கிடந்தது. அதன் கடைசியில், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற அளவில் ஒரு மஞ்சள் துளி. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய பூசணிக்காய் அது.

"இம்புட்டுதானா" என்றார். பிறகு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சம்பத்குமாருக்குத் தாங்கவில்லை. நம்பிவந்த இடத்திலும் மனைவி இல்லை. அந்த ஏமாற்றத்தை இந்த மனிதர் எவ்வளவு கண்ணியமாக விழுங்குகிறார். புகார்க் கடிதம், கல்லூரி, பன்னிரண்டு மணிப் பந்தல் எல்லாம் அவனுக்கு அற்பமாகப் பட்டது.

"அண்ணாச்சி, கவலைப்படாதீங்க. எப்படியும் கண்டுபிடிச்சிடலாம். நான் கூட இருக்கேன்."

காசிலிங்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒம்பதாவது ஒண்ணு உண்டுன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சே. அதுக்குப் போயிருந்தா?"

"அது கடலுக்குள்ள அண்ணாச்சி. அங்கே எப்படிப் போயிருப்பாங்க?"

"யாரு கண்டா. வந்ததுதான் வந்தோம், அதையும் ஒரு எட்டுப் பாத்துருவோம். எத்தனை தப்படி?"

"இங்கேருந்து இன்னும் நானூறு இருக்கும்."

"இங்கனயே நில்லுங்க. நான் போய்த் தோணி பேசிட்டு வாரேன்."

குடையை விரித்துக்கொண்டு அவர் தோணித்துறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். முட்டி வலி இருந்தாற்போலவே தெரியவில்லை. சம்பத்குமார் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஒரு பெண் காணாமல் போயிருக்கும்போது வாக்கு என்ன வாக்கு என்று தோன்றியது.

"அம்மா" என்றான் தணிந்த குரலில், "நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவரோட சம்சாரத்தைக் காலையிலேருந்து காணோமாம். கூடையோட போனவங்களாம். போலீசுல எழுதிக் கொடுக்கலாமான்னு யோசிக்கிறேன். அவங்க எப்படி இருப்பாங்க, அடையாளம் ஏதாவது தெரியுமா உங்களுக்கு?"

முத்துக்கனி சுண்டைக்காயை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"யாருக்கு, காசிலிங்கம் அண்ணாச்சிக்கா? அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே தம்பி."